பச்சைக் கிருமியைத் துரத்திய செங்கமலம்

வடக்குப்பட்டு செங்கமலம் 2007-இல் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தபோது, அவளோடு படித்த முப்பத்திரண்டு பெண்களில் பத்தொன்பது பேர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். செங்கமலமும் போனாள். அங்கே யாரும் படிப்பைக் கேட்கவில்லை. கண் பார்வையையும் விரல் வேகத்தையும்தான் பார்த்தார்கள். கல்லூரியில் மைக்ராஸ்கோப் வழியே கிருமி பார்த்த கண்ணால் இரண்டு வருஷம் சாலிடர் புள்ளிகளைப் பார்த்தாள். வேலை கஷ்டமில்லை. ஆனால் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருந்தது. எதுவும் வளரவில்லை, நிறம் மாறவில்லை, நாறவும் இல்லை. 2009-இல் ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் முப்பது படுக்கைகளோடு ஒரு தனியார் மருத்துவமனை திறந்து, லேப் டெக்னீஷியன் தேவை என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்த சீருடையோடேயே உள்ளே போய், அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அதை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற அவசரம்.

வேலை கிடைத்தது. சுகர், யூரின், டைபாய்டு என்று மூன்று வருஷம் ஓடியது. சீழில் என்ன கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அது அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையை மட்டும் சென்னைக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வர நாலு நாள் ஆகும். அறுவை சிகிச்சைக்கு டாக்டர் ஸ்ரீமதி வந்து சேர்ந்த பிறகுதான் அதுவும் மாறியது. காஞ்சிபுரத்துக்காரர், முப்பத்தைந்து வயது. வேகமாகப் பேசி வேகமாக நடக்கிறவர். "நாலு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்து நான் என்ன பண்ண? நீயே போடுவியா?" என்று கேட்டார். செங்கமலம் யோசிக்காமல் "போடுவேன் டாக்டர்" என்றாள். மூடப்பட்ட ஒரு லேபிலிருந்து பழைய இன்குபேட்டர் ஒன்று வந்து இறங்கியது. கிருமிகளை உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி அது. அன்று அவள் அதைத் துடைத்த துடைப்பில் பெயின்ட் கொஞ்சம் உரிந்துவிட்டது.

2012 ஆகஸ்டில் இசக்கிபாண்டி வந்தான். இருபத்து மூன்று வயது, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னி. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் அறைக்குத் திரும்பும்போது ஒரு டிரெய்லர் லாரி உரசிவிட்டது. எலும்பு முறியவில்லை. இடது கெண்டைக்காலில் ஒரு வாழைப்பூ மடல் அளவுக்குத் தோல் போய்விட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து டாக்டர் அந்த இடத்தில் ஒட்டினார். ஆறாம் நாள் அது ஈரக் காகிதம் மாதிரி நழுவிக் கட்டோடு வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. கட்டுத்துணியில் பச்சை நிறம் படிந்திருந்தது.

செங்கமலம் அந்தச் சீழைக் கிருமி வளர்க்கும் பிளேட்டில் தடவி இன்குபேட்டரில் வைத்தாள். மறுநாள் திறந்ததும் பன்னீர் திராட்சை வாசனை அடித்தது. பிளேட் முழுக்கப் பச்சை. சூடோமோனாஸ் என்று அவளுக்கு மூக்கே சொல்லிவிட்டது. பதினாறு மருந்து வைத்துப் பார்த்ததில் பதினைந்துக்கு அந்தக் கிருமி அசையவே இல்லை. மிச்சமிருந்த ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். ஐந்தாம் நாள் சிறுநீரகச் சோதனையின் எண்கள் ஏறத் தொடங்கின, அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

"இது எலும்புக்குப் போயிடுச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கறதத் தவிர வழியில்ல கமலம். அவங்கம்மாகிட்ட இன்னும் நான் சொல்லல" என்றார் டாக்டர்.

அவன் அம்மா உலகம்மாள் ஊரிலிருந்து வந்து வார்டு வராந்தாவிலேயே தங்கியிருந்தாள். லேப் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். "ஏம்மா, டாக்டரம்மா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காவ. நீயாவது சொல்லேன், எம் மவன் காலு பொழச்சிக்கிடுமா?" என்று கேட்பாள். செங்கமலம் "பாத்துக்கினுதான் இருக்கோம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

அந்த வாரம்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். சோதனை முடிந்த டியூபுகளை ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கிருமியைக் கொன்ற பிறகு கழுவுவது அவள் வழக்கம். இசக்கிபாண்டியின் டியூபுகள் மட்டும் கழுவக் கழுவச் சுத்தமாகவில்லை. திரவம் நின்ற மட்டத்தில் கண்ணாடியைச் சுற்றி வழவழவென்று ஒரு படலம். பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கையுறை விரலால் தொட்டாள், கோழை மாதிரி இழுத்தது.

கல்லூரியில் ஒரே ஒரு வகுப்பில் கேட்ட சொல் ஞாபகம் வந்தது. பயோஃபிலிம். தனித்தனியாக மிதக்கிற கிருமியை மருந்து சுலபமாகக் கொல்லும். அதே கிருமிகள் கூட்டமாக ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, கோழையால் ஒரு போர்வை செய்து போர்த்திக்கொண்டால் கதையே வேறு. மருந்து போர்வையைத் தாண்டி அடிவரை போவதில்லை. அடியில் சோம்பிக் கிடக்கும் கிருமிகளை அது பெரிதாகப் பாதிப்பதும் இல்லை. மேலே இருப்பவை செத்தாலும் அடியிலிருந்து மறுபடி கிளம்பும். ஏற்கெனவே மருந்துக்கு அடங்காத கிருமி, அதற்கு மேல் ஒரு போர்வை. ஒட்டிய தோல் இரண்டு தடவை நழுவியதற்கு இதுதான் காரணமோ என்று தோன்றியது.

மருந்துக்கு அடங்கவில்லையென்றால் வேறு எது அந்தப் போர்வையைக் கிழிக்கும்? மதிய இடைவேளையில் கடைக்குப் போய்த் தேன், பூண்டு, மஞ்சள் வாங்கி வந்தாள். கேன்டீனில் தயிர் வாங்கி அதன் தண்ணீரை வடித்தாள். தன் டிபன் பாக்ஸில் இருந்த கேழ்வரகுக் கூழையும் விடவில்லை. நேற்று கரைத்துப் புளித்த கூழ், மேலே தெளிந்த தண்ணீர் நின்றிருந்தது. எல்லாவற்றையும் தனித்தனி டியூபில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பச்சைக் கிருமியைச் சேர்த்தாள். ஒரு டியூபில் எதுவும் சேர்க்காமல் கிருமி மட்டும். ஒன்றில் டாக்டர் கடைசியாகப் போட்ட அந்த ஊசி மருந்து.

இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மெதுவாக அலசி, உள்ளே ஊதாச் சாயம் ஊற்றி, அதையும் கொட்டி அலசினாள். படலம் இருந்தால் சாயம் அதில் ஒட்டும், இல்லையென்றால் கண்ணாடி வெறுமையாக இருக்கும். டியூபுகளை வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

கிருமி மட்டும் இருந்ததில் கரு ஊதாவாக ஒரு வளையம். ஊசி மருந்து டியூபிலும் வளையம், கொஞ்சம்தான் மங்கல். மஞ்சள் டியூப் முழுக்க மஞ்சளாகவே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பூண்டில் பாதி வளையம். தயிர்த் தண்ணீரில் அங்கங்கே திட்டு. கூழ்த் தண்ணீரில் நூல் மாதிரி மெல்லிய கோடு. தேன் டியூபில் எதுவுமே இல்லை. எதிரில் இருந்த காலண்டரின் தேதி அதன் வழியே தெளிவாகத் தெரிந்தது.

அவள் டியூபைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். உலகம்மாள் எழுந்து நின்றாள். "என்னம்மா, என்னாச்சு?" செங்கமலம் நிற்காமல், "ஒண்ணுமில்லம்மா, நல்லதுதான், நல்லதுதான்!" என்று கத்திக்கொண்டே போனாள்.

டாக்டர் ஸ்ரீமதி டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"தேன் கெட்டியா இருந்தா எதுவுமே வளராது. ஜாம் மாதிரி. இதுல என்ன இருக்கு? அவன் கால்ல ஏற்கெனவே படலம் உக்காந்தாச்சு. அத எடுக்குமா? அதச் சொல்லு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை செஞ்சு காட்டு."

செங்கமலத்துக்கு முதலில் சுருக்கென்றது. லேபுக்குத் திரும்புவதற்குள் அது சரியான கேள்வி என்று புரிந்துவிட்டது. இந்தத் தடவை முதலில் படலத்தை வளரவிட்டாள். இரண்டு நாள் நன்றாக உட்கார்ந்த பிறகு மேலே தேன் கரைசல் ஊற்றினாள். கிருமி மட்டும் ஒன்று, ஊசி மருந்து ஒன்று, தேன் ஒன்று என்று மூன்று டியூபுகளாக மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் ஊசி மருந்து டியூபில் வளையம் அப்படியே நின்றது. தேன் டியூபில் வெளிறிப்போய் அங்கங்கே மட்டும் தெரிந்தது.

ஒன்பது டியூபுகளையும் பார்த்துவிட்டு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து செங்கமலம் அதிகம் பார்த்ததில்லை. "புண்ணுக்குன்னே கதிர்வீச்சுல சுத்தம் பண்ணி டியூப்ல வர்ற தேன் இருக்கு. சென்னைல கிடைக்கும். முதல்ல நான் படலத்தச் சுரண்டி எடுக்கறேன், எடுத்த உடனே தேன் கட்டு. மறுபடி அது போர்வை போத்தறதுக்குள்ள நாம முந்திக்கணும்" என்றார். பிறகு சட்டென்று எழுந்து, "கூழையெல்லாம் அந்தப் பையன் கால் பக்கம் கொண்டு வராத!" என்றார். செங்கமலம் சிரித்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் உலகம்மாள் ஊருக்கு போன் போட்டாள். மூன்றாம் நாள் பேருந்தில் ஒரு பாட்டில் மலைத் தேன் வந்து சேர்ந்தது. "கடைச் சரக்கு எதுக்கு? இது எங்க மலையில எடுத்தது. இத ஊத்தச் சொல்லு தாயி." வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில், செங்கமலம் அதில் ஒரு சொட்டு எடுத்து நீர்த்து பிளேட்டில் தடவி வைத்தாள். மறுநாள் சுருக்கம் விழுந்த வெள்ளைப் பொட்டுகள் பிளேட்டில் கிளம்பியிருந்தன. வராந்தாவுக்குக் கொண்டுபோய் மூடியோடு காட்டினாள்.

"இந்தக் கிருமி தேன்ல தூங்கிட்டு இருந்துச்சும்மா. சாப்பிட்டா நமக்கு ஒண்ணும் பண்ணாது. பச்சப் புண்ணுல போனா முழிச்சிக்கும்."

உலகம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஆத்தாடி! இத்தனையும் உள்ளுக்குள்ளயா கெடந்துச்சு?" அந்தப் பாட்டிலை அவள் வார்டு நர்சுகளுக்குக் கொடுத்துவிட்டாள். தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

சுரண்டுவதும் தேன் கட்டும் தொடங்கின. நாலாம் நாள் நாற்றம் நின்றது. எட்டாம் நாள் புண்ணில் சிவப்புத் தசை மணி மணியாக எழும்பியது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பத்தாம் நாள் செங்கமலம் பிளேட்டைத் திறந்தாள். பன்னீர் திராட்சை வாசனை. பச்சை.

அவளுக்கு அழுகை வந்தது. "தேன் கேக்கலன்னா விட்டுடலாம்" என்றார் டாக்டர் களைப்போடு. ஆனால் செங்கமலம் பழைய பிளேட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஏழாம் நாள் பிளேட்டில் ஐந்தே பொட்டு. பத்தாம் நாள் எண்ண முடியாத அளவு. மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது திடீரென்று ஏறுமா? உள்ளே இருந்தது வளர்ந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து போட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் பஞ்சுக் குச்சிகளோடு டிரெஸ்ஸிங் அறைக்குள் புகுந்தாள். கட்டிலின் கம்பி, தட்டு, கத்தரிக்கோல், சலைன் பாட்டில், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் துடைத்து எடுத்தாள். டிரெஸ்ஸிங் பார்க்கும் மணிமங்கலத்து சாரதா சிஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா கமலம், ஆஸ்பத்திரியையே பஞ்சால தொடச்சிக்கினு கீறே? எம் மேல சந்தேகமா?"

"உங்க மேல இல்லக்கா. கைய நீட்டுங்க, அதையும் எடுத்துக்கறேன்."

"எடு, எடு. நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன்."

கழுவிட்டு என்ற சொல்லில் செங்கமலம் நின்றாள். வாஷ்பேசினைப் பார்த்தாள். குழாய் வாயில் தண்ணீர் சிதறாமலிருக்க ஒரு சின்ன வலை திருகியிருந்தது. அதைக் கழற்றினாள். உள்பக்கம் பழுப்பும் பச்சையுமாக வழவழவென்று ஒரு படலம். விரலில் இழுத்தது. டியூபில் இழுத்த அதே கோழை.

இரண்டு நாளில் நாற்பத்தோரு பிளேட்டில் இரண்டில் மட்டும் பச்சை வந்தது. ஒன்று குழாய் வலை, இன்னொன்று பேசினின் வடிகால் வாய். இரண்டும் அதே பதினைந்து மருந்துக்கு அடங்காதவை. செங்கமலம் லேபில் தனியாக நின்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டாள்.

சாரதா சிஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எங் கையாலயா அந்தப் புள்ளைக்குப் போச்சு?"

"கை இல்லக்கா, கொழா. கையக் கழுவக் கழுவ அது ஒட்டி அனுப்பிச்சிருக்கு."

அன்றே குழாயை மாற்றினார்கள். பேசினை உடைத்துப் புதிதாகப் பதித்தார்கள். புண்ணைச் சுற்றிக் கழுவ இனி சீல் வைத்த சலைன் மட்டும் என்று ஆயிற்று. டாக்டர் மறுபடி ஒருமுறை ஆழமாகச் சுரண்டினார். தேன் கட்டைக் காலையும் மாலையும் மாற்றினார்கள். அடுத்த வாரம் எடுத்த பிளேட்டில் ஒன்றும் வளரவில்லை. செங்கமலம் நம்பாமல் இன்னொரு நாள் இன்குபேட்டரில் வைத்தாள். அப்போதும் இல்லை. மூன்றாவது முறையாகத் தோல் ஒட்டினார்கள்.

ஐந்தாம் நாள் காலை கட்டைப் பிரித்தபோது டிரெஸ்ஸிங் அறையில் நிற்க இடமில்லை. சாரதா சிஸ்டர் கடைசிச் சுற்றைச் சலைன் விட்டு நனைத்து நனைத்து எடுத்தாள். இசக்கிபாண்டி கண்ணை இறுக மூடியிருந்தான். துணி வந்தது. தோல் வரவில்லை. ரோஸ் நிறத்தில், காலோடு காலாக ஒட்டியிருந்தது. டாக்டர் ஸ்ரீமதி விரலால் அழுத்தினார், வெளுத்தது. விட்டார், மறுபடி ரத்தம் ஓடிச் சிவந்தது.

"பிடிச்சிருச்சு!" என்று கத்தியது டாக்டர்தான். அவர் சத்தம் கேட்டு இசக்கிபாண்டி கண்ணைத் திறந்தான். "என்ன டாக்டர், நெசமாவா சொல்லுதீய?" வெளியே உலகம்மாள் செங்கமலத்தின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தேன் மட்டும்தான் காரணம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரின் கத்தி, புதுக் குழாய், சாரதா சிஸ்டரின் இரண்டு வேளைக் கட்டு எல்லாம் சேர்ந்துதான். அந்தக் கால் நவம்பரில் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனது. நடையில் கொஞ்சம் சாய்வு இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகப் பதித்த பேசினின் வடிகாலில் மூன்றாம் வாரமே மறுபடி வழவழப்பு வந்தது. ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். நாலு நாள் இல்லை, ஐந்தாம் நாள் வந்தது. மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் அது அடங்காத கிருமிகளையே வளர்த்துவிடுமோ என்று செங்கமலத்துக்குப் பயம். அப்போதுதான் கூழ் டியூபின் நூல் கோடு நினைவுக்கு வந்தது.

கூழைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்தாள். முதலில் அதைக் கண்ணாடியில் ஒட்டவிட்டு, அதன் பிறகு பச்சைக் கிருமியை விட்டாள். பச்சையால் சரியாக ஒட்டவே முடியவில்லை.

"எப்படி?" என்று டாக்டர் கேட்டதும் செங்கமலத்துக்கு மூச்சு முட்டப் பேச்சு வந்தது. "பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கறாங்கல்ல டாக்டர், அந்த மாதிரி! கூழ் கிருமி முன்னாடியே துண்டு போட்டுடுது. பச்சைக்கு உக்கார எடமே இல்ல!"

"புளிப்பாலயும் இருக்கலாம். அமிலத்துல பச்சை வளராது."

"புளிப்ப சமன் பண்ணிட்டும் பாத்துட்டேன் டாக்டர். அப்பவும் பாதி தடுக்குது."

"நோயாளி யாரும் போகாத ஸ்டோர் ரூம் பேசின் ஒண்ணு இருக்கு. அத எடுத்துக்கோ. வாரா வாரம் எழுதி வை. எம்.எஸ்சி.க்கும் அப்ளிகேஷன் போடு. லீவ நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

ஸ்டோர் ரூம் பேசினில் ஒரு வருஷம் கூழ்க் கிருமியை ஊற்றினாள். ஐம்பத்திரண்டு வாரத்தில் முப்பத்தெட்டு வாரம் பச்சை வரவில்லை. பதினான்கு வாரம் வந்தது, அதையும் நோட்டில் எழுதினாள். அதற்கிடையே 2013-இல் சென்னையில் எம்.எஸ்சி. சேர்ந்து, அந்த நோட்டையே தன் ஆய்வாக்கினாள்.

2015 மே மாதம் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நோட்டின் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். கூழ்க் கிருமி, புளிப்பு, துண்டு போட்ட கதை எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பதினான்கு வாரம் ஏன் வந்தது?"

செங்கமலம் அந்த வாரங்களை நினைத்துப் பார்த்தாள். வெயிலா, மழையா, தண்ணீர் லாரி மாறியதா? இத்தனை நாள் அந்தப் பதினான்கையும் தோல்வி என்று மட்டுமே நினைத்திருந்தாள். "தெரியாது சார்" என்றாள், பிறகு குரல் தானாக உயர்ந்தது. "ஆனா அந்த வாரங்களோட தேதி எல்லாம் என்கிட்ட இருக்கு சார்!" தேர்வாளர் சிரித்தார். அவளுக்குக் கிடைத்தது முதல் வகுப்பு.

தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. நோட்டைப் பிரித்து அந்தப் பதினான்கு தேதிகளையும் பயணச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதினாள். இடம் போதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் அவர் பயணச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பது தேதிகள் கோடையில் வந்தன. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, ஸ்டோர் ரூமில் யாரும் குழாயைத் திறக்க மாட்டார்கள். அப்படியானால் வடிகால் காய்ந்துவிடும். காய்ந்தால் கூழ்க் கிருமி செத்துவிடுமா? அதை எப்படிச் சோதிப்பது? நோட்டில் மூன்று சோதனைகளை அடுத்தடுத்து எழுதினாள்.

நிமிர்ந்து பார்த்தபோது கண்டக்டர் "வாலாஜாபாத் எறங்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார். வடக்குப்பட்டு எப்போதோ போயிருந்தது. செங்கமலம் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பிப் போகும் பேருந்துக்கு வெயிலில் நின்றபடியே நாலாவது சோதனையை எழுதத் தொடங்கினாள்.